ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு பேட்டரி: மாணவர்களுக்கு இரைச்சலை உண்டாக்கிக் காட்டுவது எப்படி?

இயற்பியல்_மேசை

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக் இரைச்சலை, அதாவது நாய்ஸை, பாடமாக நடத்தினேன். சூத்திரத்தை எழுதிக்கொண்டார்கள், தேர்விலும் எழுதுவார்கள். ஆனால் அதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துக் காதால் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. எங்களிடம் ஒரு சி.ஆர்.ஓ. (மின்னலையைத் திரையில் காட்டும் கருவி), ஒரு பங்ஷன் ஜெனரேட்டர் (வேண்டிய அலையை உண்டாக்கும் கருவி), நாலைந்து மல்டிமீட்டர், பிரெட்போர்டுகள் இருக்கின்றன. புதிதாக ஏதாவது வாங்க நூற்றுக்கணக்கில்தான் செலவழிக்க முடியும், ஆயிரக்கணக்கில் முடியாது.

எல்லாரும் சொல்லும் சர்க்யூட்டைத்தான் போட்டுப் பார்த்தேன். பி.சி.547 டிரான்சிஸ்டரின் பேஸை கிரவுண்டில் வைத்து, எமிட்டரை 220 கிலோ ஓம் வழியாக 9 வோல்ட் பேட்டரியின் பிளஸுக்குக் கொடுத்து, கலெக்டரைச் சும்மா விட்டேன். சி.ஆர்.ஓ.வில் நேர்கோடு, ஒரு அசைவும் இல்லை. பேட்டரியை எடுத்துவிட்டு 12 வோல்ட் அடாப்டர் போட்டதும் ஏதோ வந்தது. ஆனால் அது சீப்பின் பல் மாதிரி சமமான இடைவெளியில் நிற்கிறது, கிட்டத்தட்ட 17 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முள். "மேடம், இரைச்சல் என்றால் ஒழுங்கே இருக்காது என்றீர்களே, இது ஒழுங்காக நிற்கிறதே" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. என்ன தப்பு செய்கிறேன்?

பழைய_ரேடியோ

மேடம், உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. அந்த முள் அடாப்டருக்குள் இருக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட்டுடையது. 17 மைக்ரோசெகண்டுக்கு ஒன்று என்றால் 60 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, மலிவான அடாப்டர்கள் பல அந்த வட்டாரத்தில்தான் ஓடும். டிரான்சிஸ்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிரான்சிஸ்டரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், முள் அப்படியே நிற்கும்.

9 வோல்ட்டில் வராததற்குக் காரணம் எளிது. பேஸ்-எமிட்டர் சந்தியைத் தலைகீழாக பயாஸ் செய்து, அது உடைகிற வோல்டேஜைத் தாண்டினால்தான் இரைச்சல் பிறக்கும். பி.சி.547-ன் தரவுத்தாளில் எமிட்டர்-பேஸ் உச்சவரம்பு 6 வோல்ட் என்று இருக்கும், ஆனால் அது கம்பெனி பாதுகாப்புக்குச் சொல்வது. உண்மையில் உடைவது பெரும்பாலும் 7-லிருந்து 9 வோல்ட்டுக்குள். உங்கள் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் அந்தக் கோட்டை எட்டாது. எமிட்டர் காலில் மல்டிமீட்டரை வையுங்கள். கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜையே காட்டினால் கரண்ட் ஓடவில்லை என்று பொருள், அதாவது இன்னும் உடையவில்லை.

இரண்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டு 18 வோல்ட் கொடுங்கள். அடாப்டர் பக்கமே போக வேண்டாம். 220 கிலோ ஓம் இருக்கட்டும், 45 மைக்ரோஆம்பியர் போல ஓடும், போதும். எமிட்டரிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக எடுத்து சி.ஆர்.ஓ.வை 20 மில்லிவோல்ட்டில் வையுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இப்படி உடைத்த டிரான்சிஸ்டரின் கெயின், அதாவது பெருக்கும் திறன், நாளடைவில் குறைந்துவிடும். தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துத் தனி டப்பாவில் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் யாரோ ஒரு பிள்ளை அதையே ஆம்ப்ளிஃபயரில் போட்டுவிட்டு ஏன் கெயின் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்.

இயற்பியல்_மேசை

வந்துவிட்டது! மிக்க நன்றி ஐயா. பேட்டரி இறங்கித்தான் இருந்தது, எமிட்டரில் 7.9 காட்டியது. இரண்டு பேட்டரி போட்டதும் 8.3-ல் போய் நின்றது, திரையில் கோடு தடித்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. டிரிகர் குமிழை எவ்வளவு திருகினாலும் நிற்க மாட்டேன் என்கிறது. அதைப் பார்த்துவிட்டு அதே பெண் "இது நிற்கவில்லை மேடம், அப்படியென்றால் இதுதான்" என்றாள்.

ஒரே பட்டையிலிருந்து பத்து பி.சி.547 எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். உடையும் வோல்டேஜ் எல்லாம் அக்கம்பக்கம்தான், ஆனால் இரைச்சலின் அளவு ஒன்றுக்கொன்று மூன்று நான்கு மடங்கு மாறுகிறது. ஏன்?

நானோவோல்ட்

அவலாஞ்ச் முறிவின் குணமே அது. சந்திக்குள் மின்புலம் ஓடவிடும் எலக்ட்ரான் போகிற வழியில் மோதி இன்னொன்றைக் கிளப்புகிறது, அது வேறொன்றை, இப்படிப் பெருகுகிறது. ஒவ்வொரு தடவையும் எத்தனை மடங்கு பெருகும் என்பது தற்செயல். அது போக, சந்தி முழுவதும் ஒரே நேரத்தில் உடைவதில்லை. குறை உள்ள சின்னச் சின்னப் புள்ளிகள் முதலில் உடையும், அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு சில்லிலும் வேறு வேறு. தொடர் ரெசிஸ்டரை 1 மெகா ஓமுக்கு ஏற்றிக் கரண்டைக் குறைத்துப் பாருங்கள். சில டிரான்சிஸ்டர்களில் பஞ்சு போய், இரண்டு மட்டத்துக்கு இடையே தாவும் சதுரத் துடிப்புகள் தெரியும். ஒரு புள்ளி எரிந்து அணைவதை நேரில் பார்க்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்.

இன்னொன்று, இந்த இரைச்சலின் பரவல் பெரும்பாலும் ஒருபக்கம் சாய்ந்திருக்கும், மணி வடிவத்தில் வராது. ஆயிரக்கணக்கான மாதிரிகளை எடுத்துப் பட்டை வரைபடம் போடச் சொல்லுங்கள். காஸ்ஸியன் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வருபவர்களுக்கு அது நல்ல பாடம்.

ஜீனர் டயோடும் போடலாம், ஆனால் 12 வோல்ட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட்டுக்குக் கீழே உள்ளவற்றில் எலக்ட்ரான் சுரங்கம் போட்டுக் கடக்கிறது, பெருக்கம் இல்லை, அதனால் இரைச்சல் மிகவும் குறைவு.

மூன்றாமாண்டு_இசிஇ

மேடம், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதற்கு ஒரு ஆர்டுயினோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை) போதாதா? எதுவும் இணைக்காத அனலாக் காலைப் படித்தாலே தற்செயல் எண் வரும் என்று எல்லாரும் செய்கிறார்களே. இல்லாவிட்டால் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (பிட்டுகளை ஒவ்வொரு படியாக நகர்த்தும் வரிசை) கோடு எழுதி ஒரு காலில் வெளியே விட்டால் வெள்ளை இரைச்சல்தானே? எந்த டிரான்சிஸ்டரையும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, எல்லா மேசையிலும் ஒரே மாதிரி வரும்.

பழைய_ரேடியோ

தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி நல்ல யோசனை. மற்ற பாதியை முதலில் பார்த்துவிடலாம். இணைக்காத காலில் ஒரு முழம் ஒயரைச் செருகி, படிக்கும் எண்களைச் சீரியல் பிளாட்டரில் வரைந்து பாருங்கள். வீட்டு கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அலை அழகாக ஏறி இறங்கும். அந்தக் கால் ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான். மேசை விளக்கை அணைத்தால் மாறும், கையைக் கிட்டே கொண்டுபோனால் மாறும். மாறுகிறது என்பதாலேயே தற்செயல் ஆகிவிடாது.

நானோவோல்ட்

ஷிஃப்ட் ரெஜிஸ்டர் யோசனை நல்ல யோசனை, அதை விட்டுவிட வேண்டாம். 17 பிட் ரெஜிஸ்டரில் 17-ஆவது, 14-ஆவது பிட்டுகளை எக்ஸ்-ஆர் செய்து (இரண்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) உள்ளே திருப்பினால் 1,31,071 படிகளுக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். நேஷனல் செமிகண்டக்டரின் எம்.எம்.5837 என்ற பழைய இரைச்சல் ஐ.சி.யும் 17 பிட்தான். எல்லாப் பிட்டும் பூஜ்ஜியமாக மட்டும் தொடங்கக் கூடாது, அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இதை 100 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓட்டி ஸ்பீக்கரில் கேளுங்கள். ஸ்ஸ்ஸ் என்று வரும், முதலில் வித்தியாசம் தெரியாது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டால் 1.3 செகண்டுக்கு ஒருமுறை ஏதோ சுற்றி வருவது காதில் பிடிபடும். 1,31,071-ஐ 100 கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் அதே 1.31. அப்புறம் 31 பிட்டுக்கு மாற்றுங்கள், 31-ஆவதும் 28-ஆவதும். இப்போது திரும்பி வர ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், எந்தக் காதாலும் பிடிக்க முடியாது. ஆனாலும் அது கணக்குப் போட்டு வந்த வரிசைதான், தொடக்கத்தைச் சொன்னால் அடுத்த பிட்டை நான் சொல்லிவிடுவேன். டிரான்சிஸ்டரில் என்னால் அது முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வையுங்கள் மேடம். ஃபில்டரைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருவது வேண்டும், அதற்குத் தம்பி சொன்னதுதான் சரி. இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது என்று காட்ட அது உதவாது.

மூன்றாமாண்டு_இசிஇ

சரி சார், ஒயரைச் செருகிப் பார்த்தேன், 50 ஹெர்ட்ஸ்தான் வந்தது. இத்தனை நாள் அதைத்தான் தற்செயல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். டிரான்சிஸ்டர் இரைச்சலிலிருந்து பிட் எடுக்க முடியுமா?

பழைய_ரேடியோ

முடியும். ஒரு கம்பேரேட்டரில் (ஒரு வோல்டேஜ் இன்னொன்றைத் தாண்டுகிறதா என்று சொல்லும் சர்க்யூட்) கொடுத்து ஒன்று, பூஜ்ஜியம் என்று எடுங்கள். ஒன்று அதிகமாகவோ பூஜ்ஜியம் அதிகமாகவோ வரத்தான் செய்யும். அதற்கு வான் நியூமன் சொன்ன வழி இருக்கிறது. பிட்டுகளை இரண்டிரண்டாக எடுங்கள், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் தூக்கிப் போடுங்கள், 01 வந்தால் 0, 10 வந்தால் 1. மாதிரி எடுக்கும் வேகத்தைக் குறைவாக வையுங்கள், அடுத்தடுத்த பிட்டுகளுக்குள் தொடர்பு இருந்தால் இந்த முறை பலிக்காது.

தகர_டப்பா

ஸ்பெக்ட்ரம் அனலைசர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம் மேடம், மடிக்கணினியின் மைக் துளையே போதும். 101 மடங்கு கெயின் உள்ள டி.எல்.072 ஆப்-ஆம்ப் ஐ.சி. ஒரு நிலை, அதன் பின் ஒரு பொட்டன்ஷியோமீட்டர். மைக் துளை சில பத்து மில்லிவோல்ட்டிலேயே நிரம்பி வழிந்துவிடும், அதனால் தாழ்த்திக் கொடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் வரையச் சொன்னால் கோடு ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கும்.

இப்போது இடையில் 10 கிலோ ஓமும் 0.01 மைக்ரோஃபாரடும் வைத்து ஒரு ஆர்-சி ஃபில்டர் போடுங்கள். 1.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கோடு சரிந்து இறங்கும். பங்ஷன் ஜெனரேட்டரைத் திருகித் திருகி இருபது புள்ளி எடுத்து வரைவதை, இரைச்சல் ஒரே வீச்சில் காட்டிவிடுகிறது. நான் முதன்முதலாக இதைப் பார்த்தபோது ஃபில்டரின் உருவத்தையே படம் பிடித்த மாதிரி இருந்தது.

இரண்டு எச்சரிக்கை. கணினியின் ஒலி அமைப்பில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது வேண்டாத சத்தம் என்று நினைத்து நீங்கள் கஷ்டப்பட்டு உண்டாக்கியதை எல்லாம் துடைத்துவிடும். எனக்கு ஒரு மாலை முழுக்க அதிலேயே போனது. அடுத்தது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட விடாதீர்கள். ஒலியைக் குறைத்துவிட்டு, காதுக்கு வெளியே வைத்து, பிறகு ஏற்றட்டும்.

இயற்பியல்_மேசை

தகர டப்பா சார், நேற்று வகுப்பில் இதைச் செய்தோம். ஃபில்டர் கோடு வந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்துவிட்டார்கள், மணி அடித்தும் எழுந்து போகவில்லை.

எனக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது. பேட்டரியே இல்லாத வெறும் ரெசிஸ்டரில் வெப்பத்தால் வரும் இரைச்சலை அளந்து, போல்ட்ஸ்மான் மாறிலியைக் கண்டுபிடிக்க எங்கள் ஆய்வகத்தில் முடியுமா?

நானோவோல்ட்

முடியும். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்ததும் நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னதும் 1928-ல் வெளிவந்தன. அன்று அவர்களிடம் இருந்தது வால்வு. உங்களிடம் டி.எல்.072 இருக்கிறது.

சூத்திரம் உங்களுக்குத் தெரியும், மின்னழுத்த வர்க்கத்தின் சராசரி என்பது 4 × மாறிலி × வெப்பநிலை × தடை × பட்டை அகலம். 100 கிலோ ஓம் அறை வெப்பத்தில் ரூட் ஹெர்ட்ஸுக்கு 40 நானோவோல்ட் கொடுக்கும். டி.எல்.072-ன் சொந்த இரைச்சல் 18 நானோவோல்ட். பிள்ளைகளில் யாராவது என்.இ.5532 என்ற ஆப்-ஆம்ப் வெறும் 5 நானோவோல்ட்தானே, அதைப் போடலாமே என்று கேட்பார்கள், கேட்கட்டும். அதன் இன்புட்டில் ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.7 பிகோஆம்பியர் கரண்ட் இரைச்சல் உண்டு. அது 100 கிலோ ஓமில் ஓடினால் 70 நானோவோல்ட், நீங்கள் அளக்க வந்ததையே மூழ்கடித்துவிடும். தரவுத்தாளில் ஒரு எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

101 மடங்கு வீதம் இரண்டு நிலை, மொத்தம் 10,200. இடையில் 1 மைக்ரோஃபாரட் கட்டாயம், இல்லாவிட்டால் முதல் நிலையின் சில மில்லிவோல்ட் ஆஃப்செட்டே (இன்புட் இல்லாமலே நிற்கும் டி.சி. வோல்டேஜ்) இரண்டாவதைச் சுவரில் கொண்டுபோய் முட்ட வைக்கும். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் கிரவுண்ட். கடைசியில் 10 கிலோஹெர்ட்ஸ் ஆர்-சி. இன்புட்டை ஷார்ட் செய்து ஒரு அளவு, ரெசிஸ்டரோடு ஒரு அளவு. இரண்டையும் வர்க்கமாக்கிக் கழிக்க வேண்டும், நேராகக் கழிக்கக் கூடாது.

சாதாரண மல்டிமீட்டரின் ஏ.சி. அளவை நம்ப வேண்டாம். அது சைன் அலைக்கென்று கணக்குப் பண்ணி வைத்தது, காஸ்ஸியன் இரைச்சலை 11 சதவீதம் குறைத்துக் காட்டும், சில கிலோஹெர்ட்ஸில் இன்னும் மோசம். கணினியில் பதிவு செய்து ஆர்.எம்.எஸ். (வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) கணக்கிடுங்கள். பங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து தெரிந்த அளவு சைன் அலை கொடுத்து அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தகர_டப்பா

எல்லாவற்றையும், பேட்டரி உட்பட, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள் மேடம். டப்பாவின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் போன இடத்தில் கிரவுண்டை ஒரே ஒரு புள்ளியில் சால்டர் செய்யுங்கள். மூடி நன்றாக உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் 50, 150, 250-ல் ஊசி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊசி போகும்வரை எண்ணை எழுத வேண்டாம்.

இயற்பியல்_மேசை

மூன்று நாள் இதிலேயே உட்கார்ந்திருந்தோம். முதலில் 50 ஹெர்ட்ஸ் ஊசி பெரிதாக நின்றது, மூடியின் விளிம்பில் இருந்த பெயின்ட்டைத் தேய்த்ததும் படுத்துவிட்டது. அறை 30 டிகிரி. ஷார்ட்டில் 19 மில்லிவோல்ட், 100 கிலோ ஓமோடு 45. வர்க்கமாக்கிக் கழித்துப் பட்டை அகலம் 15.7 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டோம். ஆர்-சி ஃபில்டருக்கு 10-ஐ 1.57-ஆல் பெருக்க வேண்டும் என்று தெரியும். விடை 0.84 × 10⁻²³. இருக்க வேண்டியது 1.38. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. எங்கே போயிற்று மீதி?

நானோவோல்ட்

வாட வேண்டாம், இது நல்ல விடை. டி.எல்.072-ன் கெயின்-பேண்ட்விட்த், அதாவது கெயினையும் அது எட்டும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வரும் எண், 3 மெகாஹெர்ட்ஸ். 101 மடங்கு பெருக்கும் ஒவ்வொரு நிலையும் 30 கிலோஹெர்ட்ஸிலேயே சரிய ஆரம்பித்துவிடும். ஆக உங்களிடம் ஒரு ஃபில்டர் இல்லை, மூன்று இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துத் தொகையிட்டால் பட்டை அகலம் 10.3 கிலோஹெர்ட்ஸ்தான். அதைப் போட்டால் உங்கள் எண்ணே 1.28 ஆகிவிடுகிறது. என் கணக்கை நம்ப வேண்டாம், பங்ஷன் ஜெனரேட்டரை 10,000-க்கு ஒன்றாகத் தாழ்த்தி உள்ளே விட்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கெயினை நீங்களே அளந்து, அதன் வர்க்கத்தின் பரப்பை எடுங்கள்.

மிச்சக் குறை அனேகமாக பிரெட்போர்டின் கெபாசிட்டன்ஸ். 20 பிகோஃபாரட் 100 கிலோ ஓமோடு சேர்ந்தால் 80 கிலோஹெர்ட்ஸில் இன்னொரு சரிவு. அந்த ரெசிஸ்டரின் கால்களைக் குட்டையாக வெட்டி நேராக ஐ.சி. சாக்கெட்டில் சால்டர் செய்து பாருங்கள்.

பழைய_ரேடியோ

இன்னொரு சோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம், சர்க்யூட் அதேதான். 100 கிலோ ஓமுக்கு ஒரு பி.பி.டபிள்யூ.34 போட்டோடயோடிலிருந்து 10 மைக்ரோஆம்பியர் ஓட விடுங்கள், வெளிச்சம் பேட்டரி டார்ச்சின் பழைய இழை பல்பாக இருக்கட்டும், இன்புட்டுக்கு முன் ஒரு கெபாசிட்டரும் போடுங்கள். இரைச்சல் 40 நானோவோல்ட்டிலிருந்து 180-ஐத் தாண்டிவிடும். அடுத்து டயோடை எடுத்துவிட்டு, ஒரு பேட்டரியிலிருந்து 820 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் வழியாக அதே 10 மைக்ரோஆம்பியரை ஓட விடுங்கள். அளவு பழையபடி இறங்கிவிடும். கரண்ட் அதே கரண்ட்தான். டயோடில் ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றதைப் பார்க்காமல் தனித்தனியாக வந்து விழுகிறது, ஓட்டின் மேல் மழை விழுகிற மாதிரி. ரெசிஸ்டருக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரிசையாகப் போகின்றன. ஷாட்கி 1918-ல் சொன்னது இந்த மழைக் கணக்கைத்தான். அதிலிருந்து எலக்ட்ரானின் மின்னூட்டமே கிடைக்கும்.

இயற்பியல்_மேசை

கெயினை 26 அதிர்வெண்ணில் அளந்து கிராஃப் தாளில் கட்டம் எண்ணிப் பரப்பு எடுத்தோம், 10.4 வந்தது. ரெசிஸ்டரைச் சாக்கெட்டிலேயே சால்டர் செய்த பிறகு விடை 1.33. அந்தப் பெண் அதை நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

அடுத்த வாரம் அதே ரெசிஸ்டரைப் பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் வைக்கப் போகிறோம், 17 சதவீதம் வித்தியாசம் தெரிய வேண்டும். நீளமான ஒயர் வந்தால் மறுபடி கெபாசிட்டன்ஸ் கூடும் என்பதால் 10 கிலோஹெர்ட்ஸை 2 ஆக்கிவிடலாம் என்று நினைக்கிறேன், சரிதானே? போட்டோடயோடு நாளைக்குச் சென்னை ரிச்சி தெருவுக்கு (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) போகும் பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

நானோவோல்ட்

சரிதான். ரெசிஸ்டரைத் தண்ணீர் தொடாமல் சோதனைக் குழாயில் போடுங்கள், ஒயரை முறுக்க வேண்டாம், ஷீல்டு உள்ள கேபிளாக அரை அடிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் ரெசிஸ்டரின் மதிப்பையும் மல்டிமீட்டரால் அளந்து எழுதி வையுங்கள், அதுவும் வெப்பத்தோடு கொஞ்சம் நகரும்.